பாயசத்தில் விஷம் கலந்த கை

போன மாதம் சுகன்யா சென்னையிலிருந்து பேசினாள். என்னிடம் வேலை பழகியவள், இப்போது பெரிய ஆள். பழைய கிராமத்துக் கொலைக் கதை ஒன்றை வெப் சீரிஸாக எடுக்கிறார்களாம், பொள்ளாச்சிப் பக்கம் லொகேஷன்கூடப் பார்த்தாயிற்றாம். "கொலைகாரனோட கை மட்டும் வர்ற ஷாட்டுக்கெல்லாம் இனிமே ஆளே வேண்டாம் மேடம். கம்ப்யூட்டர்லயே கையைப் பண்ணிடுவோம். உங்க காலத்துல யார் கையை வெச்சு எடுத்தீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்புறம் பேசறேன் கண்ணு" என்று போனை வைத்துவிட்டேன். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல எனக்குத் தெம்பு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையில் விசேஷம் ஒன்றும் இல்லை. கோயமுத்தூர் காந்திபுரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற கடை ஒன்றில் டைப்பிங் தெரியும் என்று சேர்த்துக்கொண்டார்கள். எடிட்டிங் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எந்தத் துண்டு எந்தத் துண்டோடு ஒட்டும் என்று கண் பழகிவிட்டது. தொண்ணூறுகளில் சென்னையிலிருந்து ராகவன் சார் சீரியல் எடுக்க வந்தபோது கன்டினியூட்டி பார்க்க ஆள் கேட்டார், என்னைக் கைகாட்டினார்கள். ஒரு ஷாட்டில் நடிகர் டம்ளரை இடது கையில் பிடித்திருந்தால் அடுத்த ஷாட்டிலும் இடது கையில்தான் பிடித்திருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. "பொம்பளைப் புள்ள ஷூட்டிங் ஷூட்டிங்னு ஊர் ஊராச் சுத்தறதா" என்று எங்கம்மா ஒரு மூச்சு அழுதுவிட்டு, டிபன் பாக்ஸையும் கட்டிக் கொடுத்தாள்.

ராகவன் சார் சத்தமே போடாத டைரக்டர். அதுதான் அவரிடம் பயமே. கத்துகிற மனிதரைச் சமாளித்துவிடலாம், இவரை என்ன செய்வது? "பார்க்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம். "சரி" என்றால் நீங்கள் சொன்னது காதிலேயே விழவில்லை என்று அர்த்தம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தால்தான் மனசு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கண்ணாடி எப்போது இறங்கும் என்று யூனிட்டே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் எடுத்தது ஒரு பழைய துப்பறியும் கதை. பெரிய வீட்டு ஆத்தாவைச் சொத்துக்காக யாரோ விருந்துப் பாயசத்தில் விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். வைத்தது யார் என்பதுதான் மர்மம். புத்தகம் படித்தவர்கள் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள் என்று ராகவன் சார் கொலையாளியையே மாற்றிவிட்டார். ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் ஆடி மாதம் ஷூட்டிங். ஆத்தாவாக நடித்தது எங்கள் கோயமுத்தூர் நாடக நடிகை பிரேமாக்கா.

அந்த ஊர்க்காரர்கள் நடிப்பை எவ்வளவு நிஜமாக எடுத்துக்கொள்வார்கள் என்று முதல் வாரமே தெரிந்துபோயிற்று. ஆத்தாவின் பாடை வீதியில் போகிற காட்சி. உள்ளே வைக்கோல் பொம்மைதான். கேமரா ஆடிவிட்டது என்று ராகவன் சார் "ஒன் மோர், பாடையைத் திருப்பிக் கொண்டாங்க" என்றார். தூக்கினவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஊர்க் கோயில் தர்மகர்த்தா முன்னால் வந்து கும்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்க. போனது போனதுதானுங்க. ஊருக்குள்ள திருப்பிக் கொண்டாரப்படாதுங்க." ராகவன் சார் "வெறும் வைக்கோல்தானே" என்றார். "வைக்கோலா இருந்தாலும் பாடை பாடைதானுங்களே" என்றார் அவர். அந்தப் பாடையை ஊருக்கு வெளியிலேயே பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கட்டி எடுத்தோம். யூனிட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கே எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

யூனிட்டுக்குச் சாப்பாடு போட்டது அந்த ஊர் சின்னச்சாமியண்ணன். ஆனைமலையிலிருந்து அவிநாசி வரைக்கும் அவர் சமையல் என்றால் கல்யாண வீட்டுக்காரர்கள் நாள் குறித்த கையோடு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் எங்களுக்குக் கிடைத்தார். அவர் மனைவி ராமாத்தாளக்கா காய் நறுக்க, மாவாட்ட எல்லாம் கூடவே இருக்கும். மற்றதையெல்லாம் பரிமாற ஆள் வைத்திருப்பார். பாயசத்தை மட்டும் அண்ணனே வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வருவார். ஊற்றி முடித்ததும் கரண்டியை வாளி விளிம்பில் 'டொக்'கென்று ஒரு தட்டுத் தட்டுவார். கட்டை விரல் சற்றே வெளிப்பக்கம் வளைந்திருக்கும், புறங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு.

இப்போது ராகவன் சாரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முகம் காட்டாமல் கையை மட்டும் காட்டுகிற ஷாட்டுக்கு இன்சர்ட் என்று பெயர். கொலையாளியின் கையை, கொலையாளியாக நடிக்கிறவரை வைத்து அவர் எடுக்கவே மாட்டார். முந்தைய சீரியல் ஒன்றில் கையைப் பார்த்தே ஜனங்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். அதிலிருந்து வேறு யார் கையையாவது வைத்து எடுப்பார். லைட்மேன் கை, டிரைவர் கை, அகப்பட்டவர் கை. பாயசத்தில் விஷம் வைக்கிற ஷாட் எடுத்த அன்றைக்கு லைட்மேன் கையை வைத்துப் பார்த்தார், கரண்டி பிடிக்கத் தெரியவில்லை. டிரைவர் கையில் பாயசம் சிந்திற்று. ராகவன் சார் மெதுவாகத் திரும்பி அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார்.

சின்னச்சாமியண்ணன் வெட்கப்பட்டார். "எங்கையெல்லாம் டிவில வருதாக்கும்?" என்று துண்டில் கையைத் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினார். காகிதப் பொட்டலத்தில் விஷம். விஷமென்றால் அரிசி மாவுதான். பித்தளைப் போசியில் அதைக் கொட்டி, கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, பழக்கதோஷத்தில் விளிம்பில் 'டொக்'கென்று தட்டினார். ராகவன் சார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "அந்தத் தட்டு. அதுதான். அவன் கொலையை ரசிச்சுப் பண்றான்" என்றார். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லா வந்துச்சுங்களா அம்மணி?" என்று என்னைக் கேட்டார். பிரமாதம் என்றேன். பிரமாதமாகத்தான் இருந்தது.

அடுத்து ஆத்தா சாகிற ஷாட். எங்கள் தொழிலில் ஒரு சாங்கியம் உண்டு. பிணமாகப் படுத்தவர் கண் திறந்து சிரிக்கிற வரைக்கும் கேமராவை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அவருக்கு ஆகாது. அந்தச் சிரிப்பு இருக்கிற டேப்பைச் சீரியல் முடிகிற வரைக்கும் அழிக்கவும் கூடாது. மற்ற டேப்பையெல்லாம் அழித்து அழித்துத் திரும்ப உபயோகிப்போம், அதை மட்டும் தொடமாட்டோம். பிரேமாக்கா செத்தார், 'கட்' என்றார்கள், கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்து, "கொன்னவர் கையாலயே ஒரு வாய் குடுங்க, அப்பத்தான் சிரிப்பேன்" என்றார். சின்னச்சாமியண்ணன் நல்ல பாயசம் கொண்டுவந்து கூச்சத்தோடு ஊட்டினார். அக்கா வாய் நிறைய வைத்துக்கொண்டு கலகலவென்று சிரித்தார். அவர் முகம், அண்ணன் முகம் எல்லாம் அந்த டேப்பில் இருந்தது.

ஆவணியில் ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. ராகவன் சாருக்கு அந்தக் கை ஷாட் அவ்வளவு பிடித்துவிட்டது. டைட்டிலிலேயே வைத்துவிட்டார். வாராவாரம் பாட்டு முடிகிற இடத்தில் அந்தக் கை பொட்டலத்தைக் கொட்டும், ஒரு சுற்றுச் சுற்றும், 'டொக்'. அதற்கு மேல் தலைப்பு வந்து விழும். பஸ்ஸில் போனால் பின்சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் டிபன் பாக்ஸில் ஸ்பூனைத் தட்டி 'டொக்' என்று விளையாடினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசியில் அவிநாசியில் என் சித்தப்பா மகள் வீட்டுக் காதுகுத்து. சமையல் யாரென்று பார்த்தால் சின்னச்சாமியண்ணன்! ஓடிப்போய்க் கும்பிட்டேன். ஆள் ஒரு சுற்று இளைத்திருந்தார். "வந்துட்டீங்களா அம்மணி. போய் மொதப் பந்தியிலயே உக்காருங்க" என்றார், அவ்வளவுதான்.

பந்தி பாதியில் அவரே பாயச வாளியோடு வந்தார். எனக்கு எதிர் வரிசையில் ஒரு வயதான அம்மா. அவர் இலையில் ஊற்றிவிட்டு அண்ணன் கரண்டியைத் தட்டினார். 'டொக்'. அந்த அம்மா நிமிர்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மருமகளிடம், "ஏம்புள்ள, இது அந்த டிவில வர்ற கையல்ல?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், வரிசை முழுக்கக் கேட்டது. பாயசம் இருந்த இலையை அப்படியே மடித்தார், எழுந்தார். மருமகள் எழுந்தாள். அவளுக்கு அடுத்தவர், அதற்கு அடுத்தவர். அட கடவுளே! நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்தியே எழுந்துவிட்டது.

எச்சில் கையோடு எழுந்து நின்று கத்தினேன். "அது நடிப்புங்க! அரிசி மாவுங்க! நான் பக்கத்துலயே நின்னேனுங்க!" அந்த அம்மா என் தோளைத் தொட்டார். "நீங்க சொல்றது சரிதானுங்க அம்மணி. நாங்க ஆரையும் தப்பாச் சொல்லலீங்க. மனசு ஒப்பலீங்க, அவ்வளவுதானுங்க." சண்டை போட்டிருந்தால்கூட நான் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டிருப்பேன். அத்தனை பேரும் 'ங்க' போட்டு, மரியாதையாக, ஒரு மனிதரைக் குழிக்குள் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனார்கள்.

பின்கட்டில் ராமாத்தாளக்கா பாத்திரத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. அண்ணன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார், கழுவினதையே திரும்பக் கழுவினார். "ஆவணி முகூர்த்தமெல்லாம் போயிருச்சுங்க அம்மணி. வேற ஆள் சொல்லிட்டோம்னு வந்து பதமாச் சொல்லிப்போட்டுப் போறாங்க. இங்க உங்க சொந்தக்காரங்க இன்னும் டிவி வாங்கலை போலிருக்குது, அதனால கூப்புட்டாங்க" என்றார். ராமாத்தாளக்காவுக்குத் தாங்கவில்லை. "அதுகூடப் போகுட்டுங்க. முந்தாநேத்து எம்பேத்தி கேக்குது, அப்புச்சி, நீங்க எதுக்கு அந்த ஆத்தாவைக் கொன்னீங்கன்னு. சோறு ஊட்டப் போனா வாயைப் பொத்திக்குது!" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "தையில நம்மூர்க் கோயல் கும்பாபிஷேகம். அன்னதானத்துக்கு எங்கப்பாருதான் ஆக்குனாரு, அப்புறம் நானு. இந்தத் தடவை வெளியூர் ஆளைப் பார்க்கறாங்களாம். சொந்த ஊர்லயே கரண்டியை வாங்கி வெச்சுட்டாங்கன்னா அப்புறம் எந்த ஊர்லீங்க நான் போய் நிக்கறது?"

அன்று ராத்திரியே சென்னைக்கு ரயிலேறிவிட்டேன். எடிட்டிங் ரூமில் ராகவன் சார் மானிட்டரில் அதே கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் கொட்டினேன். டைட்டிலிலிருந்து அந்த ஷாட்டை எடுத்துவிடுங்கள் என்றேன். "பார்க்கலாம்" என்றார். மேகலா, அதுதான் சீரியலோட முகம், இன்னும் சில வாரம்தானே, கடைசி எபிசோட்ல உண்மையான கொலையாளி தெரிஞ்சிடுவான், ஜனங்களும் மறந்துடுவாங்க என்று பொறுமையாக விளக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேத்தி வாயைப் பொத்திக்கறா சார். அவ மறக்கற வரைக்கும் அவர் என்ன பண்ணுவார்? அக்கா சிரிச்ச டேப் இருக்குதில்ல, அதையாவது கடைசியில போடுங்க!" என்று கத்திவிட்டேன். அவரிடம் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான். மானிட்டரை அணைத்தார். பிறகு கண்ணாடி இறங்கியது. டைட்டில் மாறவில்லை. ஆனால் கடைசி எபிசோடில் 'முற்றும்' விழுந்ததற்கு அப்புறம் அந்தச் சிரிப்பு சேர்ந்தது.

கார்த்திகையில் கடைசி எபிசோட். நான் அந்த ஊருக்கே போனேன். பஞ்சாயத்து டிவிக்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. சின்னச்சாமியண்ணனும் ராமாத்தாளக்காவும் ஓரமாக. கொலை செய்தது சென்னை நடிகர் ஒருவர் போட்ட வேஷம் என்று தெரிந்ததும் எல்லாரும் அவரைத் திட்டினார்கள். 'முற்றும்' விழுந்தது. அப்புறம் பிரேமாக்கா கண் திறந்து எழுந்தார், அண்ணன் பாயசம் ஊட்டினார், அக்கா சிரித்தார். முடிந்தது என்று நினைத்தேன், எல்லாம் சரியாகிவிட்டது.

தர்மகர்த்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நல்லாத்தான் எடுத்திருக்காங்க. ஆனா இதும் நடிப்புத்தானுங்களே" என்றார். சுற்றி இருந்தவர்கள் ஆமாமுங்க, ஆமாமுங்க என்றார்கள். ராமாத்தாளக்கா எழுந்து நின்றது. "ஏனுங்க, கொன்னது நெசம், ஊட்டுனது நடிப்பா? இது எந்த ஊர் நாயமுங்க!" டிவி பெட்டியைப் பூட்டிவிட்டு, "வாரேனுங்க, வாரேனுங்க" என்று கலைந்து போனார்கள்.

மறுநாள் பிரேமாக்கா வீட்டுக்குப் போய் அழுதேன். அக்கா அழவில்லை. "செத்தவ நானு. எனக்கில்லாத பயம் இவங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு? கிளம்பு" என்று என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். தர்மகர்த்தா வீட்டு வாசலில் அக்காவைக் கண்டதும் ஜனம் கூடிவிட்டது. சிலர் தொட்டுக்கூடப் பார்த்தார்கள். அக்கா ஆத்தா வேஷத்துக் குரலிலேயே ஆரம்பித்தார். "செத்தவ வந்திருக்கறேன். உங்க அன்னதானத்துல மொத எலை எனக்குப் போடுங்க. சின்னச்சாமிதான் ஆக்கோணும், அவர் கையாலதான் பாயசம் ஊத்தோணும். இல்லீன்னா உங்க கோயல் வாசல்லயே உக்காந்துக்குவேன், என்னையத் தாண்டித்தான் நீங்க எல்லாரும் கும்பிடப் போகோணும்." தர்மகர்த்தாவுக்கு வியர்த்துவிட்டது. வைக்கோல் பாடையையே ஊருக்குள் விடாத மனிதர் அவர். போனவளே திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள், என்ன செய்வார்? "ஆத்தா சொன்னா சரிதானுங்க" என்றார். ஆத்தா என்றேதான் சொன்னார்.

தை பிறந்தது. கும்பாபிஷேகம் முடிந்து கோயில் முன்னால் பந்தல் நிறைய இலை போட்டார்கள். ராகவன் சாரையும் வரச் சொல்லியிருந்தேன். வந்து அக்காவுக்கு அடுத்த இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் பக்கம் தர்மகர்த்தா. சோறு, குழம்பு எல்லாம் ஆயிற்று, யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பாயசத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். சின்னச்சாமியண்ணன் வாளியோடு வந்தார். அக்கா இலையில் ஊற்றினார். கரண்டியைத் தட்டாமல் நகரப் பார்த்தார். "தட்டுங்க" என்றார் அக்கா. 'டொக்'. அக்கா கையால் வழித்து வழித்துக் குடித்துவிட்டு, "இன்னொரு கரண்டி" என்று கலகலவென்று சிரித்தார். அவ்வளவுதான், பந்தலே சிரித்தது. சின்னச்சாமியண்ணா இக்கட்ட வாங்க, இங்க ஊத்துங்க என்று எல்லாப் பக்கமும் குரல். தூணோரம் நின்ற ராமாத்தாளக்கா வாய்விட்டு அழுதது. பேத்தி அதன் இடுப்பில் இருந்தாள்.

அடுத்த இலை ராகவன் சாருடையது. அண்ணன் ஊற்றினார், தட்டினார். சார் குனிந்து பாயசத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். இலைக்குப் போன அவர் கை பாதியில் நின்றுவிட்டது. ஒரு கணம்தான். எடிட்டிங் ரூமில் அந்த ஷாட்டை இந்த உலகத்திலேயே அதிகம் பார்த்தவர் அவர். பொட்டலத்தில் இருந்தது அரிசி மாவு என்று தெரிந்தவரும் அவர்தான். பக்கத்து இலையில் தர்மகர்த்தாவின் கையும் நின்றது.

சின்னச்சாமியண்ணன் அதைப் பார்த்தார். கோபப்படவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, அவருக்கும் எதிரே நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"குடிங்க சார். இன்னிக்குக் கேமரா இல்லீங்க."